வரியை உயர்த்தாமல் ஊருக்கு ஒரு ஐஸ் அரங்கம்: பணம் திரட்டும் முழு வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் வெனாட்சி என்று ஓர் ஊர். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போனது. 2008-இல் அங்கே ஆயிரக்கணக்கான இருக்கைகளோடு ஒரு பெரிய ஐஸ் அரங்கத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவதற்கு இன்னொரு தளமும் இருந்தது. அரங்கம் தன் வருமானத்திலேயே தன் கடனை அடைத்துவிடும் என்பதுதான் கணக்கு. சுற்றுவட்டார நகரங்களும் கவுன்ட்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) சேர்ந்து அமைத்த ஒரு பொது அமைப்பு, மூன்று வருடக் குறுங்காலக் கடன் பத்திரங்களை விற்று அரங்கத்தை வாங்கியது. 2011 டிசம்பர் 1 அன்று 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் அசலைத் திருப்பித் தர வேண்டும். தர முடியவில்லை. நீண்டகாலக் கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்றால், வெனாட்சி நகரம் பின்னால் நிற்காமல் யாரும் கடன் தரத் தயாராக இல்லை. நகரம் பின்னால் நின்றால் சட்டம் விதித்த கடன் வரம்பு தாண்டிவிடும். மாநில உச்ச நீதிமன்றமும் 2012-இல் அதையே சொன்னது. கடைசியில் விற்பனை வரியை உயர்த்தித்தான் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2013-இல் அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் அந்த அமைப்புக்கு 20,000 டாலர் அபராதம் விதித்தது. பத்திரம் வெளியிட்ட ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு அந்த ஆணையம் அபராதம் போட்டது அதுவே முதல் முறை. அரங்கத்தின் வருமானக் கணிப்பை வெளி ஆலோசகர் ஒருவர் இரண்டு முறை ஆராய்ந்து, இது நடக்குமா என்று கேள்வி எழுப்பியிருந்தார். முதலீட்டாளர்கள் கையில் கொடுத்த ஆவணத்திலோ அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்று இருந்தது.

ஐஸ் அரங்கம் வேண்டும் என்று கூட்டம் போடும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அவர்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. என் மகளும் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஸ்கேட் கட்டிக்கொண்டு வளர்ந்தவள். குளிர்காலம் ஆறு மாதம் நீளும் ஊரில் அப்படி ஒரு கூரை பிள்ளைகளுக்கு என்ன தரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். கட்டுவதற்கான பணம் வேறு, ஓட்டுவதற்கான பணம் வேறு. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்ட இடங்களில்தான் வரி பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும், அங்கங்கே கனடாவுக்கும் பொருந்தும்.

முதல் படி: "வரி உயராது" என்றால் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்

கூட்டத்தில் கைதட்டு வாங்கும் வாக்கியம் இது. ஆனால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு விதமாக விழும். ஒருவருக்குச் சொத்து வரி விகிதம் மாறக் கூடாது, அவ்வளவுதான். இன்னொருவருக்கு நகரத்தின் பொது நிதியிலிருந்து ஒரு டாலர் போகக் கூடாது. மூன்றாமவர், நகரம் எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைக்கிறார்.

இதில் மூன்றாவதுதான் உண்மையான சோதனை. நகரம் உத்தரவாதம் தந்த கடன், வரி செலுத்துவோர் தலையில் தொங்கும் கடன்தான். நல்ல வருடங்களில் கண்ணுக்குத் தெரியாது. கெட்ட வருடம் ஒன்று வந்தால் போதும்.

இன்னும் இரண்டு வழிகளை "இது வரி உயர்வு இல்லை" என்று சொல்லி உங்களிடம் கொண்டுவருவார்கள். ஒன்று, விடுதி அறை வரி. வெளியூர்க்காரர் கட்டுவது என்பது பெரும்பாலும் உண்மை. வார இறுதிப் போட்டிகளுக்கு வரும் குடும்பங்கள் விடுதிகளை நிரப்புவதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் அதன் பெயர் வரி. அப்படியே சொல்லிவிட்டுக் கேளுங்கள். இன்னொன்று, ஒரு பகுதி வளர்ச்சியடைவதால் கூடுதலாக வரும் சொத்து வரியை அந்தத் திட்டத்துக்கே ஒதுக்குவது. விகிதம் உயராது, சரிதான். ஆனால் அந்தப் பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டியது. நான் இதை ஆதரிப்பதில்லை. உங்கள் ஊர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். வெளிப்படையாக எடுத்தால் சரி.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இதை எழுதி, குழுவில் உள்ள எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

இரண்டாம் படி: டாலரை எண்ணும் முன் மணியை எண்ணுங்கள்

ஐஸ் அரங்கம் விற்கும் சரக்கு ஒன்றுதான்: ஐஸ் நேரம். அதுவும் எல்லா மணிக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பள்ளி விட்ட பிறகு மாலை 4 முதல் இரவு 10 வரையும், சனி ஞாயிறு பகல் முழுக்கவும்தான் எல்லோருக்கும் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஒரு தளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரண எண்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வார நாட்களில் 30 மணி, வார இறுதியில் 28 மணி, ஆக வாரத்துக்கு 58 முதன்மை மணிகள். 26 வாரப் பருவத்துக்கு 1,508 மணி. மணிக்கு 250 டாலர் என்றால் 3 லட்சத்து 77 ஆயிரம் டாலர். அது எல்லா மணியும் விற்றால். அப்புறம் விடிகாலை, பின்னிரவு, பள்ளி நேரம் என்று வாரத்துக்கு 25 மணியை 150 டாலருக்குக் கொடுத்தால் இன்னொரு 97,500. மொத்தம் 4 லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது செலவு. வட அமெரிக்காவில் ஒரு வழக்கமான ரிங்க், அதாவது ஐஸ் அரங்கம், வருடத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றலைத் தின்கிறது. யூனிட்டுக்கு 12 சென்ட் என்று வைத்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் டாலர். இன்னும் ஆட்கள் சம்பளம், காப்பீடு, தண்ணீர், பழுது எல்லாம் வர வேண்டும். பொதுமக்கள் சறுக்கும் நேரம், ஸ்கேட்டிங் வகுப்புகள், சிற்றுண்டிக் கடை, விளம்பரப் பலகைகள் எல்லாம் சேர்ந்து வரவு செலவை நேர் செய்தால் அதுவே நல்ல நிர்வாகம்.

இந்த அரங்கத்துக்காக 1 கோடி டாலரை 5 சதவீத வட்டிக்கு 25 வருடத்துக்குக் கடன் வாங்கினால், வருடத் தவணை சுமார் 7 லட்சத்து 10 ஆயிரம் டாலர். ஐஸ் முழுக்க விற்றுக் கிடைக்கும் பணத்தைவிட அதிகம்! மின்கட்டணம் கட்டுவதற்கு முன்பே.

இந்த ஒரு கணக்கைக் குழுவில் எல்லோரும் தங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தவர் "ஹாக்கி கட்டணமே கட்டடத்தை அடைத்துவிடும்" என்று மறுபடி சொல்ல மாட்டார். கட்டடத்தைக் கட்டுவது நன்கொடையும் மானியமும். ஐஸ் நேரம் அன்றாடச் செலவைத் தாங்கினால் போதும். மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்தே வருகின்றன.

அதனால் கட்டடக் கலைஞரைத் தேடிப் போவதற்கு முன் வாடிக்கையாளரைத் தேடிப் போங்கள். இளையோர் ஹாக்கி சங்கம், ஃபிகர் ஸ்கேட்டிங் கழகம், உயர்நிலைப் பள்ளிகள், பெரியவர்களின் லீக், ஐஸில் கல்லைச் சறுக்கி விடும் கர்லிங் ஆடுபவர்கள். ஒவ்வொருவரிடமும் "முதல் ஐந்து வருடங்களுக்கு, இந்த விலையில், இத்தனை மணி எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். முதன்மை மணிகளில் பாதிக்கு மேல் இப்படிக் கையெழுத்தாகவில்லை என்றால், அந்த ஊருக்கு இப்போது அரங்கம் வேண்டாம். வெளியில் ஒரு கூரையும் குளிரூட்டிய தளமும் போதுமா என்று யோசியுங்கள்.

மூன்றாம் படி: கட்டடத்தைச் சுருக்குங்கள், நிலத்தைத் தேடுங்கள்

ஐஸ் தளத்தின் அளவை மாற்ற முடியாது. வட அமெரிக்க ஹாக்கிக்கு 200 அடி நீளம், 85 அடி அகலம். மற்றதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. முதலில் இருக்கைகளைக் குறையுங்கள். வெனாட்சியின் சுமையில் பெரும்பகுதி கச்சேரிக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் என்று கட்டிய பெரிய அரங்கம். ஊர் ரிங்க்குக்கு முந்நூறு பேர் உட்காரும் படிக்கட்டு போதும். எட்டு வயதுப் பிள்ளைகள் ஆடும்போது பார்க்க வருவது தாத்தா பாட்டிகள்தான்.

நிலத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். நகரத்திடமோ பள்ளி மாவட்டத்திடமோ கல்லூரியிடமோ சும்மா கிடக்கும் இடம் இருக்கும். அதைப் பெயரளவு வாடகைக்கு நீண்டகாலக் குத்தகையாகக் கேளுங்கள். கலிபோர்னியாவின் இர்வைனில் நடந்தது இதன் பெரிய வடிவம். நிலம் நகரத்தின் பூங்கா நிலம். அனஹைம் டக்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர் குடும்பம் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு அதைக் குத்தகைக்கு எடுத்து நான்கு தளங்களைக் கட்டியது. சியாட்டிலில் கிராகன் அணி ஒரு பழைய வணிக வளாகம் இருந்த இடத்தில் மூன்று தளங்கள் கொண்ட பயிற்சி மையத்தைக் கட்டி, 2021-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. இப்படி ஒரு தொழில்முறை அணி பக்கத்தில் இருப்பது சில ஊர்களுக்கே வாய்க்கும். நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு கட்டடத்தை வேறொருவர் பணத்தில் எழுப்பும் ஏற்பாட்டைச் சின்ன ஊரும் செய்யலாம்.

இன்னொரு விஷயம், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது. குளிரூட்டும் இயந்திரம் ஐஸிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நீச்சல் குளத்துக்கோ பள்ளிக்கோ அருகில் கட்டினால் அந்த வெப்பம் குளத்து நீரைச் சூடாக்கும், குளியலறைக்குப் போகும். பக்கத்து நிறுவனத்தின் எரிவாயுச் செலவு குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அரங்கத்துக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கலாம்.

குளிரூட்டும் அமைப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவை நம்பியிருந்த ரிங்க்குகளின் நிலையைப் பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அதன் புதிய உற்பத்தியும் இறக்குமதியும் நின்றுவிட்டன. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல ஊர்கள் புதிய அமைப்புக்குப் பணம் தேட வேண்டியதாயிற்று. அம்மோனியா திறன்மிக்கது, செலவும் குறைவு. ஆனால் 2017 அக்டோபரில் கனடாவின் ஃபெர்னி நகர அரங்கத்தில் அம்மோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். அம்மோனியா வைத்தால், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளின் சம்பளத்தையும் பழைய பாகங்களை உரிய காலத்தில் மாற்றும் செலவையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் வையுங்கள். கரியமில வாயுவில் ஓடும் அமைப்புகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கு முதல் செலவு கூடலாம். மீட்கும் வெப்பம் நல்ல சூடாகக் கிடைக்கும்.

ஒரு தளமா இரண்டா? தேவை உறுதியாக இருந்தால் இரண்டு தளங்கள் நடத்துவதற்கு எளிது. ஒரே இயந்திர அறை, ஒரே மேலாளர், ஐஸை மழித்து மட்டப்படுத்தும் ஒரே ஜம்போனி வண்டி இரண்டுக்கும் போதும். வார இறுதிப் போட்டிகளையும் நடத்தலாம். ஆனால் முதலில் ஒன்றைக் கட்டி, இரண்டாவதுக்கு இடத்தையும் குழாய் வழியையும் விட்டுவையுங்கள்.

நான்காம் படி: யாருடைய பெயரில் கட்டுவது?

என் விருப்பம் இது. நிலம் நகரத்துக்கு. கட்டி நடத்துவது, அமெரிக்க வரிச் சட்டத்தின் 501 சி 3 பிரிவில் தகுதி பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு. குத்தகை முடிந்ததும் கட்டடம் நகரத்துக்கு. அந்தத் தகுதி இருந்தால்தான் நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும், பெரிய அறக்கட்டளைகளும் காசோலை எழுதும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வாஷிங்டன் டிசியில் ஃபோர்ட் டூபான்ட் ரிங்க்கை 1990-களில் தேசியப் பூங்கா சேவை கைவிடும் நிலை வந்தபோது, "நண்பர்கள்" என்ற பெயரில் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு அதை ஏற்று நடத்தி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தது. ஃபிலடெல்ஃபியாவில் 2005-இல் தொடங்கிய எட் ஸ்னைடர் இளையோர் ஹாக்கி அறக்கட்டளை நகரத்துக்குச் சொந்தமான ரிங்க்குகளைப் புதுப்பித்து, பிள்ளைகளுக்கு இலவசமாக ஹாக்கியும் படிப்பு உதவியும் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. வரிவிலக்குப் பெற்ற கடன் பத்திரம் எடுத்தால், கட்டடத்தைத் தனியார் தொழிலுக்கு எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்குக் கூட்டாட்சி வரம்பு உண்டு. அரசுப் பத்திரம் என்றால் பொதுவாக 10 சதவீதம். லாப நோக்கற்ற அமைப்புக்கான பத்திரம் என்றால் 5 சதவீதம். விளையாட்டுச் சாமான் கடை, தனியார் பயிற்சிக்கூடம், ஏன், பெயர் உரிமை ஒப்பந்தம் கூட அந்தக் கணக்கில் வரலாம். பத்திரச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதல் மாதத்திலேயே பிடியுங்கள்.

ஐந்தாம் படி: நன்கொடை

கட்டடச் செலவின் பெரும் பங்கு இங்கிருந்துதான் வர வேண்டும். வர முடியும். ஆனால் வரிசை முக்கியம்.

பலரும் முதலில் செய்வது இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, ஊர் முழுக்க அறிவித்து, சின்னத் தொகைகளைச் சேர்ப்பது. ஆறு மாதத்தில் இலக்கில் இரண்டு சதவீதம் வந்திருக்கும். அதைப் பார்க்கும் பெரிய கொடையாளர் "இது நடக்காது போல" என்று நகர்ந்துவிடுவார். தலைகீழாகச் செய்யுங்கள். முதல் ஒரு வருடம் சத்தமே வேண்டாம். ஊரில் பெரிய தொகை தரக்கூடிய இருபது முப்பது பேரை நேரில், ஒவ்வொருவராகப் பாருங்கள். போகும்போது கையில் ஐஸ் மணி ஒப்பந்தங்கள் இருக்கட்டும். பணம் படைத்தவர்கள் கனவைக் கேட்டு நெகிழ்வார்கள், காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒரே ஒருவர் இலக்கில் பத்து முதல் இருபது சதவீதம் வரை தர முன்வந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். பாதிக்கு மேல் உறுதியான பிறகுதான் ஊருக்கு அறிவிப்பு. அந்தக் கட்டத்தில் 50 டாலர் கொடுப்பவருக்கும் தன் பணம் வீணாகாது என்ற நம்பிக்கை இருக்கும்.

பெரிய தொகைகள் மூன்று முதல் ஐந்து வருடத் தவணைகளில் வரும். எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதியாக வாங்குங்கள். வங்கி அதை மட்டும்தான் மதிக்கும்.

பெயர் உரிமையை ஒரே ஆளுக்கு மொத்தமாக விற்காதீர்கள். அரங்கத்துக்கு ஒரு பெயர், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர், உடை மாற்றும் அறைகள், பக்கச்சுவர்கள், முகப்புக் கூடம், ஜம்போனி வண்டி கூட! கூட்டுறவு வங்கி, மருத்துவமனை, கார் விற்பனையகம், பெரிய தொழிற்சாலை ஆகியவை வழக்கமான வாடிக்கையாளர்கள். கனடாவின் எஸ்டெவானில் அரங்கத்துக்கு ஒரு கடன் சங்கத்தின் பெயரை வைத்தார்கள். மூஸ் ஜாவில் ஒரு பொட்டாஷ் நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பெயர் மாறியது. அதனால்தான் சொல்கிறேன், பத்து வருடத்துக்கு விற்றால் பத்து வருடம் கழித்து மறுபடி விற்கலாம். என்றைக்குமாக விற்றால் ஒரே ஒரு தடவைதான். பெயர் உரிமையில் வரும் ஆண்டுத் தொகையைக் கட்டடத்துக்குச் செலவழிக்காமல் பராமரிப்பு நிதிக்கு ஒதுக்குவது நல்லது.

கிராஃப்ட் ஹாக்கிவில் என்று ஊர்களுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கனடாவில் 2006-இலிருந்து நடக்கிறது. முதல் பரிசு இப்போது இரண்டரை லட்சம் டாலர். அது ஏற்கெனவே உள்ள அரங்கத்தை மேம்படுத்தத் தரும் பணம். புது அரங்கத்துக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆறாம் படி: மானியங்கள்

இதுவும் யாரோ கட்டிய வரிதான், மறைக்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே வசூலாகி, இதற்கென்றே ஒதுக்கிய பணம். உங்கள் ஊர் கேட்காவிட்டால் அடுத்த ஊர் வாங்கிக்கொள்ளும்.

மின்னசோட்டாவில் 1990-களின் நடுவிலிருந்து "மைட்டி டக்ஸ்" என்ற மானியத் திட்டம் இருக்கிறது. அமெச்சூர் விளையாட்டு ஆணையம் நடத்துகிறது. முதலில் புதுத் தளங்கள் கட்டவும் உதவினார்கள். பின்னாளில் ஆர்-22 மாற்றத்துக்கும் அரங்கக் காற்றின் தரத்துக்கும் முன்னுரிமை வந்தது. உங்கள் மாநிலத்தில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்பதைச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலேயே கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு கதவு, கூட்டாட்சி அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி. அது திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கான பணம் என்பதால் எல்லோரும் ஐஸ் அரங்கத்துக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். 1976-இல் செய்த திருத்தம் ஒன்று, கடும் வானிலை உள்ள பகுதிகளில் கூரை போட்ட நீச்சல் குளத்துக்கும் ஐஸ் தளத்துக்கும் ஒரு மாநிலத்தின் ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை செலவிட இடம் தருகிறது. 2020-இல் வந்த சட்டம் அந்த நிதிக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நிரந்தரமாக உறுதிசெய்தது. பாதிப் பணத்தை உள்ளூர் போட வேண்டும். நன்கொடை அந்தப் பாதியாகலாம். விலையும் உண்டு. இந்தப் பணம் தொட்ட நிலம் காலத்துக்கும் பொதுப் பொழுதுபோக்குக்கே கட்டுப்பட்டது. பின்னால் விற்கவோ வேறு கட்டடம் கட்டவோ நினைத்தால் ஈடாக வேறு நிலம் தர வேண்டும்.

ஆற்றல் பக்கமும் பாருங்கள். 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம், வரியே கட்டாத நகரங்களும் லாப நோக்கற்ற அமைப்புகளும் சூரியத் தகட்டுக்கான வரிச் சலுகையைப் பணமாகவே பெற வழி செய்தது. ரிங்க்கின் கூரை பெரியது. இதற்கென்றே கட்டியது போல இருக்கும். ஆனால் 2025 சட்டம் சூரிய ஆற்றலுக்கான காலக்கெடுவை வெகுவாகச் சுருக்கிவிட்டது. இந்தத் தொகையை உறுதியான வரவாக எழுதுவதற்கு முன் வரி ஆலோசகரிடம் தேதிகளைச் சரிபார்க்கவும்.

குறைந்த வருமானப் பகுதியில் கட்டினால் புதிய சந்தைகள் வரிச் சலுகை என்று ஒன்று உண்டு. தகுதி பெற்ற முதலீட்டில் 39 சதவீதத்தை ஏழு வருடங்களில் முதலீட்டாளர் வரியில் கழித்துக்கொள்வார். அதன் ஒரு பகுதி உங்கள் திட்டத்துக்கு வந்து சேரும். சட்டச் செலவு அதிகம். சின்னத் திட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

கனடாவில் ஒன்டாரியோ டிரில்லியம் அறக்கட்டளை போன்ற மாகாண வழிகள் உள்ளன. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ தமிழ் அமைப்பு நடத்தும் நண்பர்கள் அந்த விண்ணப்பத்தை வேறு வேலைகளுக்காக ஏற்கெனவே எழுதியிருக்கக்கூடும். அந்த அனுபவத்தை ஊர் ரிங்க் குழுவுக்கும் கொண்டுபோங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார இது நல்ல வழி.

ஏழாம் படி: அறச் சூதாட்டம்

மின்னசோட்டாவில் ஒரு மதுக்கூடத்துக்குள் போனால் கல்லாவுக்குப் பக்கத்தில் கிழித்துப் பார்க்கும் சீட்டுகள் விற்பார்கள். "புல் டேப்" என்பார்கள். அதை விற்கும் உரிமம் பல இடங்களில் உள்ளூர் இளையோர் ஹாக்கி சங்கத்திடம் இருக்கும். பரிசும் செலவும் மாநில வரியும் போக மிஞ்சுவது சட்டம் அனுமதித்த நற்பணிகளுக்குப் போகும். பல ரிங்க்குகளின் விளக்கும் ஐஸ் கட்டணமும் அந்தச் சீட்டில்தான் ஓடுகின்றன. ஆல்பர்ட்டாவில் தொண்டு அமைப்புகளின் தன்னார்வலர்கள் கேசினோவில் இரண்டு நாள் வேலை பார்த்து, வருமானத்தில் தங்கள் பங்கைப் பெறுகிறார்கள்.

எனக்கு இதில் மனம் முழுதாக ஒப்பவில்லை. சீட்டு வாங்குபவர்களில் இழக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கணக்கு தெளிவாக இருக்கும் வரை, இதை மறுக்கும் சங்கத்தைக் குறை சொல்வதும் இல்லை, ஏற்கும் சங்கத்தைக் குறை சொல்வதும் இல்லை. ஏற்பதானால், வருடா வருடம் ஏறி இறங்கும் இந்தப் பணத்தைக் கடன் தவணைக்கு அடமானம் வைக்காதீர்கள். சம்பளம் வாங்கும் கணக்காளர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

எட்டாம் படி: கடன், கடைசியாக

நன்கொடை வாக்குறுதிகள் ஐந்து வருடத்தில் வரும், ஒப்பந்தக்காரருக்கு இந்த வருடமே பணம் வேண்டும். இந்த இடைவெளிக்கு மட்டும் கடன் வாங்குவது நியாயம். கையெழுத்தான வாக்குறுதிகளே ஈடு. அவற்றிலும் சில வராமல் போகும் என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

அதற்கு மேல் நீண்டகாலக் கடன் வேண்டும் என்றால் வருமானப் பத்திரம். அரங்கத்தின் வருமானத்திலிருந்து மட்டுமே திருப்பித் தருவது, நகரம் பொறுப்பில்லை. கடன் தருபவர் பார்ப்பது ஒரு விகிதம்: செலவு போக மிஞ்சுவது தவணையைப் போல் 1.25 மடங்கு இருக்கிறதா? இரண்டாம் படியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மிஞ்சுவதே சொற்பம் என்பதால், நீண்டகாலக் கடன் மொத்தச் செலவில் சிறு பங்காகத்தான் இருக்க முடியும். யாராவது "நகரம் ஒரு சின்ன உத்தரவாதம் தந்தால் வட்டி குறையும்" என்றால், முதல் படியில் கையெழுத்திட்ட தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.

வருமானக் கணிப்பை இந்தத் திட்டத்தில் லாபம் இல்லாத ஒருவரைக் கொண்டு ஆராயச் செய்யுங்கள். கட்டப்போகிற நிறுவனமோ நடத்தப்போகிற நிறுவனமோ தரும் ஆய்வு போதாது. அவர் எழுதிக் கொடுப்பதை, பிடிக்காத பக்கங்களையும் சேர்த்து, அப்படியே பொதுவில் வெளியிடுங்கள்.

ஒன்பதாம் படி: திறந்த பிறகு வரும் முப்பது வருடம்

திறப்பு விழாவுக்கு முன்பே இரண்டு தனிக் கணக்குகள் வேண்டும். ஒன்று ஆறு மாத நடைமுறைச் செலவு. 2020-இல் பெருந்தொற்றின்போது ரிங்க்குகள் மூடப்பட்டன. வருமானம் ஒரே வாரத்தில் நின்றது, கட்டணங்கள் நிற்கவில்லை. இன்னொன்று மாற்று நிதி. கம்ப்ரசர், ஈரப்பதம் நீக்கி, பக்கப் பலகைகள், ஜம்போனி, கூரை எல்லாவற்றுக்கும் ஆயுள் எண்ணி, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்க வேண்டும். நன்கொடைப் பிரசாரத்தின் இலக்கிலேயே இந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு "கம்ப்ரசர் நிதிக்குத் தாருங்கள்" என்று கேட்டால் யாருக்கும் மனசு வராது.

நடத்துபவருக்குப் பயிற்சி முக்கியம். அமெரிக்க ஐஸ் ரிங்க் சங்கம் குளிரூட்டலிலும் ஐஸ் பராமரிப்பிலும் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது. தேவைக்கு மேல் அரை அங்குலம் தடிமனாக ஐஸ் போட்டால் கூட மின்கட்டணம் ஏறும். தெரிந்த ஆள் அதை வாரா வாரம் அளப்பார்.

அப்புறம், கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள். ஹாக்கி செலவு மிகுந்த ஆட்டம். ஊர் நிலத்தில் நிற்கும் அரங்கத்தில் ஊரின் ஏழைப் பிள்ளை ஏற முடியாது என்றால் இத்தனை பாடும் எதற்கு? வாரத்தில் சில மணிகளை இலவச வகுப்புக்கும் இரவல் ஸ்கேட்டுக்கும் ஒதுக்கி, அதற்கென்று ஒரு கொடையாளரைத் தேடுங்கள். என் அனுபவத்தில், இதற்குக் கேட்டால் "இல்லை" என்றவர்கள் மிகக் குறைவு.

பத்தாம் படி: நகர சபையின் வாக்கெடுப்பு

சபையிடம் பணம் கேட்கப் போவதில்லை என்பதால் தீர்மானம் குறுகியதாக இருக்கும். நிலக் குத்தகைக்கு ஒப்புதல். நகரம் எந்தக் கடனுக்கும் உத்தரவாதம் தராது என்ற ஒரு வரி. அமைப்பு நொடித்தால் கட்டடம் யார் கைக்கு வரும், அதை மூடிப் பாதுகாக்கும் செலவு யாருடையது என்ற ஒரு பத்தி. அதோடு ஒரு நிபந்தனையையும் நீங்களே முன்வந்து சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடச் செலவில் 90 சதவீதம் கையிலோ கையெழுத்திலோ இருந்து, இரண்டு நிதிக் கணக்குகளும் திறந்து, முதன்மை ஐஸ் மணிகளில் பாதிக்கு மேல் ஒப்பந்தமாகி இருந்தாலொழிய முதல் மண்வெட்டி விழக் கூடாது. குறித்த தேதிக்குள் அது நடக்காவிட்டால் குத்தகை தானே ரத்தாகி நிலம் நகரத்துக்குத் திரும்ப வேண்டும், கொடையாளர்கள் விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்தக் கடைசி வரியைக் கொடையாளர்களிடம் தரும் முதல் காகிதத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.